மழை விழும் இடத்தில் தொடங்கட்டும் திட்டம்

(மாத்தளையில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாட்டின் நீண்டகால உட்கட்டமைப்புத் திட்டமிடல் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டவுடனே கொழும்பில் குளிரூட்டிய மண்டபம், வண்ண வரைபடம், தேநீர் இடைவேளை எல்லாம் ஞாபகத்துக்கு வரும். நான் உங்களை அங்கே அழைத்துப் போகப்போவதில்லை. நமக்குப் பக்கத்திலேயே, சுமார் முப்பது கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிற ரிவர்ஸ்டனில் நின்றுகொண்டு இந்த விஷயத்தைப் பார்ப்போம். பொருளாதார வளர்ச்சி, காபன் குறைப்பு, பேரிடரைத் தாங்கும் வலு என்று மூன்று இலக்குகளை இப்போது எல்லா நாடுகளும் பேசுகின்றன. நம்முடைய நாட்டில் அந்த மூன்றுக்கும் தண்ணீர் ஒன்றுதான், அந்தத் தண்ணீர் பிறக்கிற மலைச்சரிவும் ஒன்றுதான். மூன்றையும் மூன்று அமைச்சுகள் மூன்று கோப்புகளில் எழுதுவதால்தான் நம்முடைய திட்டங்கள் தடுமாறுகின்றன. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் அதற்கான ஆதாரம்.

ரத்தோட்டையைத் தாண்டி ஏறுகிற வீதி உங்களுக்குப் பழகியது. தகவல்தொடர்புக் கோபுரம் நிற்கிற உச்சிப் பக்கம் போனால் காற்று ஆளைத் தள்ளும். அந்தக் காற்றில் மரங்களே ஆளுயரத்துக்கு மேல் வளராமல் குறுகி நிற்கின்றன. கிளையெல்லாம் பாசி, பாசியெல்லாம் ஈரம். மழையில்லாத நாளிலும் மூடுபனியைப் பிடித்து நிலத்துக்குள் இறக்குகிற காடு அது. கணவாயைக் கடந்து கிழக்கே இறங்கினால் சிறிது தூரத்திலேயே பிட்டவல பத்தனைப் புல்வெளி. அதற்கப்பால் இலுக்கும்புர, பல்லேகம, லக்கல. நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவில் ஆண்டுக்கு 2,500 முதல் 5,000 மில்லிமீற்றர் வரை மழை பெய்கிறது. ரத்தோட்டைப் பக்கம் விழுகிற மழை சுது கங்கை வழியாக அம்பன் கங்கைக்குப் போகிறது. லக்கலப் பக்கம் விழுகிற மழை தெல்கமு ஓயா, களுகங்கை வழியாக அதே அம்பன் கங்கையில் சேருகிறது. மலையின் எந்தப் பக்கம் விழுந்தாலும் கடைசியில் ஒரே ஆறுதான்.

இந்த ஆற்றை நம்பித் திட்டம் போட்டவர்கள் இன்று நேற்றுத் தோன்றியவர்கள் அல்லர். எலஹெரவில் அம்பன் கங்கையை மறித்துக் கால்வாய் வெட்டிய பெருமையை வரலாறு வசப மன்னனுக்குக் கொடுக்கிறது. 3ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட மகாசேனன் மின்னேரியாக் குளத்தைக் கட்டி, அந்தக் கால்வாய் நீரை அதில் கொண்டுவந்து சேர்த்தான். இன்றைக்கும் மின்னேரியாவுக்கு நீர் வருகிறது, வயல் விளைகிறது. ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளைத் தாண்டியும் பயன்படுகிற உட்கட்டமைப்பு உலகத்தில் அதிகம் இல்லை.

இன்னோர் உதாரணம் நம்முடைய புகையிரதப் பாதை. 1867இல் கண்டிக்கும் 1880இல் மாத்தளைக்கும் புகையிரதம் வந்தது. யாருக்காக? கோப்பிக்காக. பாதை மாத்தளைக்கு வருவதற்கு முன்னமே, 1869இல், கோப்பி இலையில் நோய் விழுந்துவிட்டது. சில ஆண்டுகளில் கோப்பி போனது, தேயிலை வந்தது. பாதை மட்டும் நின்றது, தேயிலைக்கும் உழைத்தது. அந்தக் கோப்பித் தோட்டங்களுக்காக மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து, மாத்தளையில் வந்து மூச்சுவிட்டவர்கள்தான் நம்மில் பலருடைய முன்னோர். வழியில் இறந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. பாதைக்கு மூலதனம் போட்டவர்கள், அந்தப் பாதையால் பிழைத்த தோட்டத்தின் தொழிலாளிக்கு ஒரு லயக் காம்பராவுக்கு மேல் எதையும் திட்டமிடவில்லை. ஒரு திட்டத்தின் காரணம் அழிந்த பிறகும் அதன் கட்டுமானம் நிற்கும். அது செய்த அநியாயமும் கூடவே நிற்கும். இரண்டையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

இனி நம்முடைய காலத்துக்கு வருவோம். சுதந்திர இலங்கை உண்மையிலேயே நீண்டகாலத்துக்கு யோசித்தது ஒரு தடவை. 1968இல் ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் உதவியோடு மகாவலி பெருந்திட்டம் எழுதப்பட்டது. முப்பது ஆண்டு வேலை, ஒன்பது லட்சம் ஏக்கர் நிலத்துக்கு நீர், அதோடு நீர்மின்சாரம். முதல் கட்டமாகப் போல்கொல்லையில் மகாவலி மறிக்கப்பட்டு 1976இல் நீர் திருப்பப்பட்டது. அந்த நீர் மலைக்குள் எட்டுக் கிலோமீற்றர் சுரங்கத்தில் ஓடி, நம்முடைய உக்குவளை மின்நிலையத்தில் வெளியே வந்து, சுது கங்கையில் கலந்து, போவத்தென்னைக்குப் போகிறது. அங்கிருந்து வடக்கே வறண்ட பூமிக்கு. மாத்தளை மாவட்டம் இந்த நாட்டின் தண்ணீர்ச் சந்தி என்று சொன்னால் மிகையில்லை.

1977இல் ஆட்சி மாறியது. முப்பது ஆண்டு வேலையை ஆறு ஆண்டில் முடிப்போம் என்றார்கள். விக்டோரியாவுக்குப் பிரித்தானியா, கொத்மலைக்குச் சுவீடன், ரந்தெனிகலைக்கு மேற்கு ஜேர்மனி, மாதுரு ஓயாவுக்குக் கனடா என்று ஆளுக்கோர் அணை எடுத்துக்கொண்டார்கள். அவசரத்தால் நன்மையும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. 210 மெகாவாட் விக்டோரியாவும் அதன் சகோதர நிலையங்களும் வந்திராவிட்டால் எண்பதுகளில் நாடு இருளில் கிடந்திருக்கும். ஆனால் எந்த அணை முதலில், எது பிறகு என்ற வரிசையைத் திட்டம் தீர்மானிக்கவில்லை. யார் காசு கொடுக்க முன்வந்தார் என்பதே தீர்மானித்தது. யாரும் கையில் எடுக்காத மொரகஹகந்த பின்னுக்குப் போனது. 1968 திட்டத்தில் இருந்த அந்த அணையின் வேலை 2007இல் தொடங்கி, நீர்த்தேக்கம் நிரம்பிப் பயனுக்கு வந்தது 2018இல். ஐம்பது ஆண்டு! பேரன் காலத்தில் வந்த தண்ணீர்.

மொரகஹகந்தவும் களுகங்கையும் இரட்டை அணைகள். முதலாவதில் ஐம்பது கோடி கனமீற்றருக்கு மேல் நீர், 25 மெகாவாட் மின்சாரம். இரண்டாவது ரிவர்ஸ்டனுக்குக் கிழக்கே பல்லேகமவில். சுமார் இருபத்தைந்து கோடி கனமீற்றர். அதில் பழைய லக்கல ஊர் மூழ்கியது. பாடசாலை, கடைத்தெரு, வயல், விகாரை எல்லாம் விட்டுவிட்டு மக்கள் புதிய நகருக்குக் குடிபெயர்ந்தார்கள். களுகங்கையின் நீர் மொரகஹகந்தவுக்குக் கடத்தப்பட்டு, அங்கிருந்து மேல் எலஹெரக் கால்வாய் வழியாக வடமத்திய மாகாணத்துக்குப் போக வேண்டும். வன்னியின் ஆற்றுப் படுகைகளுக்கும் மகாவலி நீர் வரும் என்று பெருந்திட்டத்தின் வரைபடம் காட்டியது. தண்ணீர் வரவில்லை. ஆனால் மகாவலியின் ‘எல்’ வலயம் என்ற பெயரில் மணலாற்றில் குடியேற்றம் வந்தது. வடக்கில் மகாவலி என்றாலே மக்கள் சந்தேகப்படுவது ஏன் என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். எல்லாருக்கும் பொதுவென்று சொல்லப்படுகிற திட்டம் எல்லாரோடும் கலந்து பேசி எழுதப்படாவிட்டால், நல்ல பகுதியையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இப்போது தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் இடையே உள்ள சிக்கலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். போல்கொல்லையில் ஒரு கனமீற்றர் நீரை வடக்கே திருப்பினால் உக்குவளையிலும் போவத்தென்னையிலும் மின்சாரம் கிடைக்கும். பிறகு வயலுக்குப் போகும். திருப்பாமல் கீழே விட்டால் அதே நீர் விக்டோரியா, ரந்தெனிகல, ரன்தம்பே என்று மூன்று படி இறங்கி, அதைவிடக் கூடுதலான மின்சாரம் தரும். ஆக, அனுராதபுரத்து விவசாயிக்குக் கொடுக்கிற நீர் கொழும்பின் மின்விளக்கிலிருந்து எடுத்துக் கொடுக்கிற நீர். பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன்னால் மகாவலி அதிகாரிகளும் மின்சாரத் துறைக்காரர்களும் நீர்ப்பாசனத் துறையினரும் உட்கார்ந்து எவ்வளவு நீர் எந்தப் பக்கம் என்று பேசி முடிவெடுக்கிறார்கள். நல்ல மழை பெய்த ஆண்டில் இந்தப் பேச்சு யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும். வறட்சி வந்தால் வீதிக்கு வந்துவிடும்.

2023 ஓகஸ்ட் மாதம் நினைவிருக்கும். உடவளவைப் பக்கத்தில் நெல் கருகியது. சமனலவெவ நீர்த்தேக்கத்தின் நீரைத் திறந்துவிடுங்கள் என்று விவசாயிகள் போராடினார்கள். திறந்தால் தெற்கில் மின்வெட்டு வரும் என்றது மின்சார சபை. ஏன்? தெற்குக்கு வேறு இடத்திலிருந்து போதிய மின்சாரத்தைக் கொண்டுபோகும் உயர் அழுத்தப் பாதை முடியாமல் கிடந்தது. கடைசியில் அமைச்சரவை கூடித் தண்ணீரைத் திறந்தது. ஒரு மின்கம்பி வேலை தாமதமானால் எங்கோ ஒரு வயல் காயும் என்பதை எந்த அமைச்சின் கோப்பு முன்கூட்டிச் சொன்னது? கம்பி ஒரு கோப்பில், நெல் இன்னொரு கோப்பில்.

காபன் குறைப்புக்கு வருவோம். நமக்கு இது புதிய பாடமல்ல. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்த நாட்டின் மின்சாரம் அநேகமாக முழுவதும் நீர்மின்சாரம். காபன் குறைவு, மனதுக்குப் பெருமை. 1996இல் மழை பொய்த்தது. நாளுக்கு எட்டு மணி நேரம் மின்வெட்டு. அந்த அடியில்தான் எண்ணெய் மின்நிலையங்கள் வரிசையாக வந்தன. பிறகு நுரைச்சோலை நிலக்கரி நிலையம், 2011இல் தொடங்கி 2014இல் முழுதாகி 900 மெகாவாட். வறட்சிக்குத் தயார் இல்லாத பசுமை மின்சாரம் நம்மை நிலக்கரியிடம் கொண்டுபோய் விட்டது. பேரிடரைத் தாங்கும் வலு இல்லாத காபன் குறைப்பு நிலைக்காது என்பதை நாம் புத்தகத்தில் படிக்கவில்லை, இருட்டில் உட்கார்ந்து படித்தோம். 2022இல் டொலர் தீர்ந்தபோது நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. இறக்குமதி எரிபொருளை நம்பிய வளர்ச்சிக்கும் அதே கதி என்று அன்று தெரிந்தது.

சம்பூரை எடுங்கள். 2006இல் போர் அந்த மக்களைத் துரத்தியது. அவர்களுடைய நிலத்தில் 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் என்று திட்டம் போட்டார்கள். 2016இல் கைவிட்டார்கள். 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்திட்டத்துக்கு அடிக்கல். நிலக்கரியைவிடச் சூரியன் நல்லதுதான். ஆனாலும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒரு மெகாவாட் கூடக் கிடைக்கவில்லை. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலை என்றார்கள். விலை பற்றியும் பறவைகளின் வலசைப் பாதை பற்றியும் எழுந்த கேள்விகளுக்கு ஆரம்பத்திலேயே பதில் தேடவில்லை. 2025 பெப்ரவரியில், அதை அமைக்கவிருந்த அதானி நிறுவனம் விலகிக்கொண்டது. மின்சார சபை இருபது ஆண்டுக்கான மின்பிறப்பாக்கத் திட்டத்தை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஒழுங்காக எழுதிவந்தது. எழுதுவதில் குறையில்லை. எழுதியதை யார் மீறினாலும் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்பதுதான் குறை.

அதே 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்தது. நாடு முழுவதும் மின்சாரம் போனது. எல்லோரும் குரங்கைப் பற்றிப் பேசிச் சிரித்தோம். குரங்கு எப்போதும் பாய்கிறதுதான். அன்று ஞாயிறு என்பதால் தேவை குறைவு. கூரைச் சூரிய மின்சாரம் நிறைய. அதிர்ச்சி வந்தால் வேகம் சட்டென்று குறையாமல் தாக்குப்பிடிக்கிற கனமான சுழலிகள் வலையமைப்பில் போதிய அளவு ஓடவில்லை. ஒரு சிறிய இடறலில் எல்லாம் சரிந்தது. இரண்டு மாதத்தில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வந்தபோது, கூரையில் சோலார் வைத்தவர்களே, பகலில் தயவுசெய்து நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை வேண்டிக்கொண்டது. வெயிலை வாங்கி வைக்க இடமில்லாமல் வெயிலைத் திருப்பி அனுப்பிய நாடு நாம். அதே நாட்டில் இரவுக்கு நிலக்கரியும் எண்ணெயும் டொலர் கொடுத்து வாங்குகிறோம்.

இதற்கு மருந்து தெரியாமல் இல்லை. பகலில் மிஞ்சும் மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி, இரவில் இறக்கி மின்சாரம் எடுக்கிற 600 மெகாவாட் மகா ஓயாத் திட்டம் பத்து ஆண்டுக்கு மேலாகப் பேச்சில் இருக்கிறது. இடம் அரநாயக்க, நாவலப்பிட்டிப் பகுதி. அரநாயக்க என்றதும் உங்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் வரும். 2016 மே மாதம் சாமசரகந்த சரிந்து வீடுகள் புதைந்தன. நாட்டுக்கு மிகவும் தேவையான மின்கிடங்கு வரப்போவதும், மலை சரிகிறதும் ஒரே பிரதேசத்தில். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்காமல் அங்கே ஒரு கல்லைக்கூட நகர்த்தக் கூடாது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தது. அறுநூறுக்கும் அதிகமான உயிர்கள் போயின. மலைநாட்டில் மண்சரிவு, வீதி, பாலம், புகையிரதப் பாதை என்று அழிவு. நம்முடைய மாத்தளை மாவட்டமும் அடிபட்டது. இந்தச் சபையில் சொந்தம் இழந்தவர்கள் இருக்கலாம். அந்த வேதனைக்கு முன்னால் நான் புள்ளிவிவரம் பேச விரும்பவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன் வீடுகள் மண்ணுக்குள் போனபோது, அந்த இடம் ஆபத்தானது என்று ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்ததாகத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சொன்னது. எச்சரிக்கை இருந்தது, போவதற்கு வேறு வீடும் நிலமும் இருக்கவில்லை. காணி உரிமை இல்லாத குடும்பத்திடம் ‘எழும்பிப் போ’ என்று சொல்வது பேரிடர் முகாமைத்துவம் ஆகாது. மலையகத்தில் பாதுகாப்பான இடத்தில் சொந்தக் காணியில் ஒரு வீடு என்பது நலன்புரி உதவியல்ல. அணையைப் போல, மின்நிலையத்தைப் போல அதுவும் நாட்டின் உட்கட்டமைப்பு.

காட்டையும் அப்படித்தான் எண்ண வேண்டும். போல்கொல்லைத் தேக்கத்தின் கணிசமான பகுதி வண்டலால் தூர்ந்தது. மேலே சரிவில் மண்ணைப் பிடிக்க ஒன்றும் இல்லாவிட்டால், கீழே கோடிக்கணக்கில் கட்டிய தேக்கத்தில் நீருக்குப் பதில் மண்தான் நிற்கும். 2000இல் நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டது; 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. பெருமைதான். ஆனால் காட்டுக்குள் ஏலக்காய் போட்டுப் பிழைத்தவர்களை வெளியேற்றியபோது அவர்களுக்கு நிலையான மாற்று வழி என்ன என்ற கேள்விக்குச் சரியான பதில் கொடுக்கப்படவில்லை. இந்தக் காடு காப்பாற்றும் நீரில் ஓடுகிற மின்நிலையத்தின் வருமானத்தில் ஒரு சிறு பங்கு இந்தச் சரிவில் வாழ்கிறவர்களுக்கும் காட்டைப் பேணும் வேலைக்கும் திரும்பி வரவேண்டும். அது தருமமல்ல, பராமரிப்புச் செலவு.

அப்படியானால் என்ன செய்வது? நான்கு காரியம் சொல்கிறேன்.

முதலாவது, முப்பது ஆண்டுக்கான தேசிய உட்கட்டமைப்புத் திட்டத்தைச் சுயாதீன ஆணைக்குழு ஒன்று எழுதட்டும். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை திருத்தட்டும். அதை மீற விரும்பும் அரசாங்கம் பாராளுமன்றத்தில் எழுத்தில் காரணம் சொல்லட்டும். பிரித்தானியாவில் 2015இல் இப்படி ஓர் ஆணைக்குழுவை அமைத்தார்கள். அதற்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுக்கவில்லை. 2025 ஏப்ரலில் அது வேறொரு அமைப்புக்குள் கரைந்துபோனது. ஆகவே நம்முடைய ஆணைக்குழுவுக்கு முதல் நாளிலேயே சட்டம் வேண்டும். வடக்கும் கிழக்கும் மலையகமும் அதில் உட்கார வேண்டும்.

இரண்டாவது, நீர், மின்சாரம், காணி மூன்றுக்கும் ஒரே கணக்குப் புத்தகம். போல்கொல்லையில் எவ்வளவு நீர் எந்தப் பக்கம் போனது, ஏன் என்று ஒவ்வொரு போகத்தின் முடிவிலும் மூன்று மொழியிலும் வெளியிட வேண்டும்.

மூன்றாவது, வரிசை. மின்கம்பியும் சேமிப்பும் முதலில். அவற்றைத் தொட்டுக்கொண்டு சூரியனும் காற்றும். வரிசை தவறினால் நல்ல திட்டமும் சுமையாகும்.

நான்காவது, மண்சரிவு அபாய வரைபடம் கட்டாயமாக வேண்டும். 2050 வரைக்குமான தேசிய பௌதிகத் திட்டமே இந்த மத்திய மலைப்பகுதியை எளிதில் பாதிக்கப்படும் பகுதி என்று குறித்திருக்கிறது. அப்படியிருக்க, அபாய வரைபடத்தைப் பார்க்காமல் ஒரு வீதிக்கும் ஒரு ஹோட்டலுக்கும் அனுமதி தரக்கூடாது. ரிவர்ஸ்டன் வீதியில் வார இறுதியில் வரும் வாகன வரிசையைப் பார்த்தவர்களுக்கு இது ஏன் அவசரம் என்று விளக்கத் தேவையில்லை. டித்வாவில் உடைந்ததை உடைந்த இடத்திலேயே அதே விதமாகத் திருப்பிக் கட்டுவதும் நிற்க வேண்டும்.

காசு எங்கே என்று கேட்பீர்கள். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அறிவித்த நாடு நாம். காசு குறைந்தவனுக்குத்தான் திட்டம் கூடுதலாகத் தேவை. பணக்கார நாடு தவறான இடத்தில் ஒரு பாலம் கட்டினால் இன்னொன்று கட்டும். நாம் தவறாகக் கட்டிய ஒவ்வொன்றுக்கும் நம்முடைய பிள்ளைகள் வட்டி கட்டுகிறார்கள்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். பெரிய திட்டமெல்லாம் கொழும்பில் நடக்கட்டும் என்று இருந்துவிடாதீர்கள். நாளைக்கே உங்கள் பிரதேச செயலகத்துக்குப் போய், நீங்கள் வாழும் இடத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தைக் கேளுங்கள். டித்வாவுக்குப் பிறகு உங்கள் பகுதிக்கு எவ்வளவு நிதி ஒதுக்கப்பட்டது, எதற்குச் செலவானது என்று கேளுங்கள். தமிழில் பதில் கேளுங்கள். தர மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்களுக்கு அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.